உலர் எடை

பெருந்துறை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
எட்டுக் கட்டில், எட்டு மெஷின்.
முதல் ஷிப்ட் காலை ஆறுக்கு.
ஊசி ஏற்றிவிட்டால் நாலு மணி நேரம்
கையை அசைக்கக் கூடாது.
வாய்க்குத் தடையில்லை.

தன் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்க்
கழுவிக்கொண்டு திரும்புவதை
முதல் வாரம் எல்லோரும் பார்ப்பார்கள்.
அப்புறம் பேச ஆரம்பிப்பார்கள்.

நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான்,
காப்பி, மோர், மாத்திரை விழுங்குவது உட்பட.
நசியனூர் சென்னியப்பன் போர் ஆழம் பேசுவார்.
ஆயிரத்து நூறு அடியிலும் புகைதான் வந்துச்சுங்.
பக்கத்துக் காட்டுக்காரனுக்கு எழுநூத்துல ரெண்டு இஞ்சு.
உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக் காட்டியவன்
காசு வாங்கிக்கொண்டு போனது,
கீழ்பவானி திறந்த அன்று
மதகடியில் நுரை சுழன்று வந்தது.
கேட்கிற எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.
எழுந்து போய்
அவர் கண்ணில் படாமல் குடித்துவிட்டு வருவேன்.

வெள்ளியங்கிரி சைட் புரோக்கர்.
"இன்னும் அஞ்சே வருசம்,
சென்ட் பத்து லட்சம் போகலீன்னா என்னைக் கேளுங்"
என்று கட்டிலுக்குக் கட்டில் விற்பார்.
அந்த அறையில் அஞ்சு வருசம் என்று சொல்கிற
ஒரே ஆள் அவர்தான்.
வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.
விலையைக் கூடக் குறைத்துக் கேட்டதில்லை.

மயிலாத்தாளுக்குப் பஸ்.
அறச்சலூர் வழி எது, மொடக்குறிச்சியில் எது நிற்காது,
எந்த டிரைவர் படியில் கால் வைக்குமுன் எடுத்துவிடுவான்.
பஸ் பைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.
ஒருநாள் பிரஷர் இறங்கி மயங்கியபோது
அவசரத்துக்கென்று எழுதிக் கொடுத்த நம்பருக்கு அடித்தேன்.
"காரை ஓரங்கட்டிட்டுக் கூப்பிடறேன்" என்றான் மகன்.
நாங்கள் மூடி விளக்கணைக்கும் வரை கூப்பிடவில்லை.
கண் விழித்ததும் அவர் கேட்டது,
"மூணு இருவது போயிருச்சா அம்மிணி?"

எடை மெஷினில் ஏறுமுன் பெஞ்சில் உட்காருவார்கள்.
அங்கேயே எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும்.
தண்ணீரைப் பேசுகிறவர் குடித்திருக்க மாட்டார்.
சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை
சென்னியப்பன்
மாப்பிள்ளை காரின் மைலேஜைப் பேசினார்.
பிறகு தேங்காய்க் களத்தில் ஆள்கூலி.
பிறகு எங்கோ நடந்த எலெக்சன்.
போர் ஒரு அடிகூட இறங்கவில்லை.
ஏறி நின்றார்.
போன முறையைவிட நாலு கிலோ அறுநூறு.

நான் திட்டவில்லை.
அவரே சொன்னார்:
"வாய்க்கா மேட்டுல சும்மா நின்னேனுங்.
அப்பறம் உக்காந்தேன்.
அப்பறம்..."
ரெண்டு கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார்.
ஊசித் தழும்பு ஏறிய முழங்கை,
அதன் கீழே அந்தக் குழி,
அதில் இன்னும் கொஞ்சம் இருப்பதுபோல
சிந்தாமல் பிடித்திருந்தார்.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாக
எனக்கொரு கர்வம் இருந்தது.

போன வியாழன்.
கூடத்தில் மூணு கட்டில் காலி.
வெள்ளியங்கிரி கட்டிலுக்கு
ஒரு வாரமாக விரிப்பு மாற்ற வேண்டியிருக்கவில்லை.
மயிலாத்தாள் மேல்கூரையைப் பார்த்தபடியே கேட்டார்:
"ஏன் அம்மிணி,
ஆறு வருசமா எங்களை ஒட்டுக்கா பாத்துக்கறே.
இந்த மெஷினைத் தவுர
நீ ஒண்ணும் பேசிக் கேட்டதில்லையே.
ஊட்ல ஆரு இருக்கறாங்க உனக்கு?"

"நூத்தி எழுவது காட்டுதுங்க.
பேசாமப் படுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பம்ப் மட்டும் சுற்றியது.

பிறகு அவர்
வருசக்கணக்காய் மனப்பாடமாக வைத்திருப்பதை
புதுசாய்க் கேட்பதுபோலக் கேட்டார்:
"பதினொண்ணு நாப்பதுக்குச் சிவகிரி வண்டி இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அறச்சலூர் வழிதானே?"

"அறச்சலூர் வழிதானுங்க."